டேபிள் ஃபேன்

மேடை விளக்கில் சூடேறினால் அந்தப் பழைய சிந்தசைசர் கீபோர்டுக்குச் சுருதி இறங்கிவிடும். அதற்காகவே கச்சேரிதோறும் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் ஓடும். முப்பது வருஷம் பரணில் கிடந்தபோதும் அந்த மானக்கேடுதான் அதை அரித்துக்கொண்டிருந்தது.

பழைய பாட்டுக் கச்சேரி ஒன்றுக்காக அதை இறக்கிப் பழுது பார்த்தார்கள். பழைய வழக்கப்படி ஃபேனையும் வைத்தார்கள். சிந்தசைசர் துளி பிசகாமல் பாடிவிட்டு, பூரிப்போடு கூட்டத்தைப் பார்த்தது.

"அந்தப் பழைய சத்தமே இல்லையேப்பா!" என்று உதட்டைப் பிதுக்கியது முன்வரிசை.

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சிந்தசைசரிடம் சொன்ன பக்கத்து மேசை லேப்டாப், அதே பாட்டைச் சுருதி கொஞ்சம் இறக்கி வாசித்தது. அரங்கமே எழுந்து நின்று விசிலடித்தது.

"எங்கே தம்பி கத்துக்கிட்டே இதை?" என்றது சிந்தசைசர்.

"ஃபேன் வர்றதுக்கு முன்னாடி பதிவான உங்க பழைய கச்சேரி கேசட்டுலதாண்ணே."

சிந்தசைசர் பக்கத்தில் ஓடும் ஃபேனைப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "தம்பி, அந்த ஃபேனை நிறுத்தச் சொல்றியா?"