உலுக்காத கடிகாரம்

நகானோ வட்டாரத்துக் கடிகாரக் கடை ஒன்றில் மாலை வெயில் கண்ணாடி மேசையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. வெள்ளைக் கையுறை மாட்டிய விற்பனைப்பெண் நொனாகா, வாடிக்கையாளர் ஹிராபயாஷியின் பழைய எஃகுக் கடிகாரத்தையும் அதன் புது வடிவத்தையும் வெல்வெட் தட்டில் அருகருகே வைக்கிறாள். பழையதில் ஸ்டாப்வாட்ச் பொத்தான்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. புதியதில் அவை இன்னும் விரல் படாமல் மின்னுகின்றன. ஒற்றை ஆளுக்கான சோற்றுப்பெட்டி கிடக்கும் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அவர் புதியதைக் கட்டிக்கொண்டு கையை உதறிப் பார்க்கிறார். "ஆடவே இல்லையேம்மா?" "பழசுல, கை அசையும்போது சாவி ஏத்துறதுக்குன்னு உள்ள இருக்கிற தகடு தறிகெட்டுச் சுத்தும் சார். யாரோ கையைப் பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கும். புதுசுல அந்தத் தொல்லையே இல்ல." "தொல்லைதான். இருந்துட்டுப் போகட்டும்," என்று அவர் புதியதைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் பழையதைக் கட்டிக்கொள்கிறார்.

வாங்காதவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பி, அவர் கண்ணுக்கு மறையும்வரை தலை குனிந்தே நிற்பது அந்தக் கடையின் வழக்கம். தெருமுனையில் ஹிராபயாஷி திரும்பிக் கையசைக்கிறார். நொனாகாவின் குனிந்த தலை அதைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் பழையது மட்டும் பதிலுக்கு ஒருமுறை ஆடி அடங்குகிறது.