பன்னிரண்டாவது நாற்காலி

“சாயங்காலம் ஃபாதர் கழுவப்போற காலை, மத்தியானமே பார்லர்ல குடுத்துக் கழுவிக்கினு வர்ற ஒரே ஆளு நீங்கதான்” என்றாள் மகள் கவிப்ரியா.

“உனக்கு என்னா தெரியும்? எல்லாம் யூடியூப் லைவ்ல போகுது. கோயிலுக்குள்ள பெரிய ஸ்கிரீன் வேற வெச்சிருக்காங்க. வெடிச்ச குதிகாலோட போய் உக்காரச் சொல்றியா?”

ஆனந்தராஜ் கால்களை ஸ்டூலில் நீட்டி, பத்து விரல்களையும் அசைத்துப் பார்த்தார். பாகலூர் ரோடு பார்லரில் தேய்த்த தேய்ப்பில் நகங்கள் பளபளத்தன. திருப்தியாக இருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் இரண்டு ஷெட், உதிரிபாகம் கடைய இருபது சிஎன்சி மிஷின், மாடி வீடு, வீட்டு கேட்டில் ஆளுயரச் சிலுவை. ஆனந்தராஜ் ஜெயித்துவிட்டார் என்பது ஓசூருக்கே தெரியும். கோயிலுக்கு மட்டும்தான் இன்னும் தெரியவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

எல்லாம் போன வருடம் பிரேம்குமார் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸால் வந்தது. இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழக்கிழமையன்று பங்குத்தந்தை பன்னிரண்டு பேரை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். ஸ்டேட்டஸில் இருந்தது பிரேம்குமாரின் ஒற்றைக் கால் மட்டும்தான். அதற்கு ஃபாதர் மண்டியிட்டு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். போயும் போயும் எதிர் ஷெட்காரன் கால்! ஆனந்தராஜுக்கு வயிறு எரிந்தது. அவர் அந்தப் பூசைக்கு ஒரு வருடமும் போனதில்லை. அன்றைக்குப் பார்த்து ஏதாவது ஒரு டெஸ்பாட்ச் வந்துவிடும்.

இந்த வருடம் விடுவதாக இல்லை. நாலு நாளைக்கு முன்னால், குருத்தோலை ஞாயிறன்று, கையில் ஓலையோடு நேராக ஃபாதரிடம் போனார்.

“ஃபாதர், ஆண்டவர் என்னை எவ்ளோ உயர்த்தி வெச்சிருக்காரு. அது நாலு பேருக்குத் தெரியணும் இல்லிங்களா? அந்தப் பன்னெண்டு பேர்ல நானும் உக்காரணும்.”

ஃபாதர் பட்டியலைப் பார்த்துத் தயங்கினார். “பதினோரு பேர் முடிஞ்சிடுச்சு. கடைசி இடத்துல நாலு வருசமா சின்னப்பன் உட்கார்றாரு. அங்க வேற யாரும் வர்றதில்ல.”

“எந்தச் சின்னப்பன்? எங்க கம்பெனில பாத்ரூம் கழுவுறவனா? வியாழக்கிழமை அவனுக்கு டூட்டி ஃபாதர், வர முடியாது.” டூட்டி அந்த நிமிடம்தான் உருவானது.

“அதுக்காக நீங்க போய் அந்த இடத்துலயா...”

“அந்த எடந்தான் வேணும் ஃபாதர். கடைசியா இருந்தா என்னா?” கடைசி நாற்காலிதான் ஸ்கிரீனை ஒட்டி வரும் என்று முதலிலேயே விசாரித்து வைத்திருந்தார்.

ஃபாதருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. “உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் ஆனந்தராஜ்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சின்னப்பன் கேபின் வாசலில் வந்து நின்றான்.

“சார், ஷிஃப்ட்டு பார்க்கறது பிரச்சன இல்ல. ஆனா அந்த எடம் உங்களுக்கு வேணாம் சார். நான் உக்காந்தா யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. நீங்க உக்காந்தா நாலு பேரு பேசுவாங்க.”

“பேசட்டும்டா! பேசணும்னுதானே உக்கார்றேன். நாலு வருசம் காலை நீட்டிக்கினு உக்காந்தியே, என்னாத்தக் கிழிச்ச? இன்னும் அதே பக்கெட்டுதானே?”

“சார், சொல்றதக் கேளுங்க, அங்க வந்து...”

“போய் வேலையைப் பாரு.”

சின்னப்பன் போய் வேலையைப் பார்த்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் நிரம்பி, வெளியே பந்தலிலும் கூட்டம் நின்றது. ஆனந்தராஜ் பட்டு வேட்டியில் வந்து பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு ஆர்டர் கொடுக்கும் பெங்களூர் மேனேஜரைக் குடும்பத்தோடு வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். முதல் நாற்காலியில் பிரேம்குமார். ஆனந்தராஜ் அவரைப் பார்த்துப் பெரிய மனதோடு தலையசைத்தார்.

ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒரு தட்டு நிறைய சிவப்புத் துணிப்பட்டைகளைக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சீடரின் பெயர் தைத்திருந்தது. ஃபாதர் மைக்கில் வாசிக்க வாசிக்க, உபதேசியார் ஒவ்வொருவருக்கும் மார்பின் குறுக்கே மாட்டிக்கொண்டே வந்தார்.

“பேதுருவாக பிரேம்குமார்...”

ஸ்கிரீனில் பிரேம்குமாரின் முகம் பெரிதாக வந்தது. ஆனந்தராஜ் முடியைத் தடவிச் சரிசெய்துகொண்டார். தனக்குத் தோமா கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். இந்தியா வரைக்கும் வந்தவர், எக்ஸ்போர்ட் பார்ட்டிக்குப் பொருத்தம். ஆனால் தோமாவை ஆறாவது நாற்காலிக்காரர் கொண்டு போய்விட்டார்.

பதினோரு பெயர்கள் முடிந்தன. ஃபாதர் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கில் பெருமையோடு சொன்னார்:

“கடைசி நாற்காலியில உட்காரச் சொன்னா இந்தப் பங்குல எல்லாரும் ஓடிப்போவாங்க. ‘அவன் காலையும் ஆண்டவர் கழுவுனாரே சாமி’ன்னு சொல்லி, சின்னப்பன் ஒருத்தர்தான் உட்காருவாரு. இந்த வருசம் நம்ம தொழிலதிபர் ஆனந்தராஜ், ‘அந்த இடம்தான் எனக்கு வேணும்’னு தானே வந்து கேட்டு வாங்கியிருக்காரு!”

கோயில் முழுக்கக் கை தட்டியது. உபதேசியார் பட்டையை மாட்டிவிட்டு விலகினார். ஸ்கிரீனில் முதலில் ஆனந்தராஜின் சிரிப்பு வந்தது, அதற்குக் கீழே பட்டையில் தைத்திருந்த பெயரும் வந்தது: யூதாஸ்.