கொக்கின் காலடியில்

ஒரு நண்டு மணலில் கொக்கைக் கேலியாக வரைந்தது. கொக்கு அதைக் கொத்த வந்தது. நண்டு ஆற்றைக் கடந்து அக்கரைக்குத் தப்பியது. அங்கே கண்காட்சி நடத்தும் ஆமை அதை வரவேற்றது.

"இங்கே கொக்கும் கிடையாது, தடையும் கிடையாது. இஷ்டத்துக்கு வரை, தம்பி."

நண்டு ஈரமணலில் ஒரு தாழம்பூவைக் கீறியது. எட்டிப் பார்த்த ஆமைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பூவை எங்க ஊர் நண்டே வரையுமே! நீ அந்தக் கொக்கைப் போடப்பா. அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும்."

"இஷ்டத்துக்குன்னு சொன்னீங்களே, அண்ணே?"

"சொன்னேன்தான். அதுக்காகப் பூவா?"

வேறு போக்கிடம் ஏது? நண்டு பூவை அழித்துவிட்டுக் கொக்கை வரைந்தது. கூட்டம் வந்து, நண்டைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு வீடு திரும்பியது.

நண்டு மட்டும் கொக்கின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தெரிந்த முகமென்று அந்தக் கரையில் அது ஒன்றுதான் இருந்தது.