மூன்றாவது ஆள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் மிச்சப் பல்லும் கொட்டிப் போகட்டும்!

ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா தன் மருமகளின் அறை வாசலில் திகைத்து நின்றார். உள்ளே முத்தச் சத்தம். நின்றது. மறுபடி அதே முத்தம்.

சினிமாவில் காமத்தை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராய்ச்சியாம். மருமகளின் டாக்டர் பட்டத்துக்கு!

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அங்கேயும் முத்தச் சத்தம்! ஆளைக் காணோம். காலி அண்டாவின் மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு டேப்லெட் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா இது? அறையில ஒண்ணு, அண்டாவுல ஒண்ணா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகள் திருதிருவென்று விழித்தாள். "மன்னிச்சிடுங்க மாமா."

"படிப்பை இன்னையோட ஏறக்கட்டு! உங்க அத்தை பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவா."

மருமகளுக்குக் கண் கலங்கியது.

"அவளை ஏன் திட்டறீங்க? அண்டாவுல இருக்கிறது என்னோடது." அத்தையேதான். மூக்கில் கண்ணாடி, கையில் பென்சில்.

"உன்னோடதா!"

"ஒரே காட்சியை ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்து, ஆசையா அத்துமீறலான்னு குறிக்கணுமாம். ரெண்டாவது ஆள் நான். நீங்க குதிப்பீங்கன்னுதான் அண்டா. என்னைக் காட்டிக்கொடுக்காம இவ திட்டு வாங்கிட்டு நிக்கிறா."

எது மேல், எது கீழ் என்றே அவருக்குப் புரியவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க. ஒரு காட்சியில எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. மூணாவது ஆள்தான் தீர்ப்பு சொல்லணும்."

மருமகள் படத்தை ஓட்டினாள். ஒரு பெண் நடந்து போகிறாள். தெருத் தெருவாக அவள் பின்னாலேயே கதாநாயகன்.

"நான் ஆசைன்னு போட்டேன். இவ அத்துமீறல்ங்கிறா."

"இதுல என்ன சந்தேகம்? ஆசைதான்! கல்யாணத்துக்கு முன்னாடி நான்கூட உன் பின்னாடி டைப்ரைட்டிங் கிளாஸ் வரைக்கும் தினமும்…"

பேச்சு பாதியில் நின்றது. திரையில் அந்தப் பெண் ஓட ஆரம்பித்திருந்தாள்.

பென்சிலை வாங்கினார். வைத்தார். மனைவி பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அப்போ… உனக்குப் பயமா இருந்துச்சா?"

அவள் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருமகளிடம் கையை நீட்டினாள்.

"அந்த ரப்பரைக் கொஞ்சம் குடும்மா."

நான் சொன்னதாக மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். அவருக்கும் எனக்கும் ஒரே சலூன்!