இருட்டுப் படம்

இருட்டாக இருந்திருக்க வேண்டும்.

பச்சையாக இருந்தது.

கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப் திரையைப் பார்த்தாள். சனியன், அதே பச்சை.

செல்கள் தரையைப் பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். அந்தக் கையை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர்வது ஆன்டிபாடியின் வேலை. ஐந்து வருடமாக அந்தப் பச்சையைத்தான் அவள் அளந்துகொண்டிருந்தாள்.

இன்று வைத்திருப்பது அந்த இன்டெக்ரினை நீக்கிவிட்ட செல்கள். பெங்களூரிலிருந்து அவளே கேட்டு வாங்கியது. யாரும் வாங்கச் சொல்லவில்லை. கை இல்லாத இடத்தில் பச்சையும் இல்லை என்று காட்ட, தீசிஸில் அழகாக ஓர் இருட்டுப் படம் போடலாமே என்று ஆசைப்பட்டாள்.

புது ஸ்லைடில் செய்து பார்த்தாள். கூடுதலாகக் கழுவிப் பார்த்தாள். ஆன்டிபாடி இல்லாத கையில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிர்ந்தது.

அப்படியென்றால் இத்தனை வருடமும் அது எதில் ஒட்டியது?

நாளை தீசிஸ் கொடுக்க வேண்டும். சொன்னால் ஐந்து வருடமும் குப்பை. சொல்லாவிட்டால் அந்தக் குப்பைக்குப் பட்டம். ஊரில் அப்பா இப்போதே மகள் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடி எங்கே போவது?

கைடு மேடத்துக்குப் போன் செய்தாள்.

மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் பிஎச்டி பண்ணப்பவும் பச்சையாத்தாம்மா வந்துச்சு."

இதே ஆன்டிபாடி. மேடத்தின் தீசிஸ் லேப் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கும் இருட்டுப் படத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த ஆசையே வந்தது.

மேடம் மவுஸை எடுத்தார். திரையில் கேமரா வாங்கும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை இடப்பக்கம் இழுத்தார். பச்சை மங்கியது. இன்னும் கொஞ்சம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

திரை இருண்டது.

ஒரு படம் எடுத்துவிட்டு மேடம் எழுந்து போனார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சேமிக்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது.

அவள் மவுஸின் மேல் கை வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.