இப்போதுதான் சாப்பிட்டேன்

“வா, சாப்பிடலாம்” என்றார் சேனிசா மேம், ஜோவலினின் வேலை விண்ணப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே டப்பாவைத் திறந்தபடி.

பிலிப்பைன்ஸின் செபுவில் சாப்பாட்டைத் திறக்கும் எவரும் எதிரில் இருப்பவரிடம் இதைச் சொல்வார்கள். எதிரில் இருப்பவர், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். அத்தோடு முடிந்தது.

ஜோவலின் வாயைத் திறந்தாள்.

“சரி மேம்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

முதுநிலைப் படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்ததிலிருந்து அவள் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வாடகை அறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். இந்தச் சரக்குக் கப்பல் கம்பெனியிலும் கணக்கு வேலை கிடைக்காவிட்டால் படகேறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதுவும் போயிற்று, ஒரு வாய்ச் சோற்றுக்காக.

மேம் நிமிர்ந்து அவளையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினார். காகிதம் பழசாகி மஞ்சளாய்ப் பழுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால், ஊர் வழக்கப்படி பாசிப்பயறு. சோற்றைச் சரிபாதியாகப் பிரித்தார்.

“கணக்கு இடிக்குது. வித்தியாசம் ஒன்பதால மீதியில்லாம வகுபடுது. என்ன பண்ணுவே?”

“எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கும் மேம். தேடுவேன்.” வாய் நிறையச் சோறு.

மேம் சிரித்தார். சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போல உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை வந்துடு.”

கண்ணாடி அறைக்கு வெளியே, வரவேற்பு மேசையில் இருந்த மரிசெல் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி, அவங்ககூடவா சாப்பிட்டே? போறதுக்குள்ள ரசீது வாங்கிக்கோ. இல்லேன்னா உன் பேர்ல செலவு எழுதிடுவாங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். ஜோவலினும் சிரித்தாள். நாலு பேரோடு சேர்ந்து சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

திங்கட்கிழமை கண்ணாடி அறையில் மேம் இல்லை. ஆள் கிடைத்ததும் ஓய்வு பெறுவதாக ஒப்புக்கொண்டிருந்தாராம். அந்தக் கம்பெனியில் கணக்குப் பிரிவு என்றால் அந்த ஒற்றை நாற்காலிதான்.

காலையில் ஜோவலின் மூன்று பேரின் டாக்ஸிச் செலவை, ரசீது இல்லை என்று திருப்பி அனுப்பினாள். அதுதான் அவள் வேலை.

மதியம் டப்பாவைத் திறந்தபோது மரிசெல் கதவைக் கடந்து போனாள்.

“வா மரிசெல், சாப்பிடலாம்.”

“இப்பதான் சாப்பிட்டேன், மேம்.”

மரிசெலின் கையில் திறக்காத டப்பா கனத்துத் தொங்கியது.

ஜோவலின் இழுப்பறையைத் திறந்தாள். ஸ்பூன் அங்கேதான் இருந்தது. சேனிசா மேம் கழுவித் துடைத்து, புதுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.