வாப்பா படிக்காங்க

"சும்மா இருங்க. வாப்பா படிக்காங்க."

ரசீதா அதைச் சொன்னது அவள் வாப்பாவிடம்தான்.

பீர் மைதீன் வாயை மூடிக்கொண்டார். சவூதியின் தம்மாமிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. நாலு வருஷம் கழித்து, சொந்த வீட்டில், மகள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்ந்து வாசிக்கப் பார்த்தார். அதற்குத்தான் இந்த மரியாதை.

படித்துக்கொண்டிருந்தது டேப்ரிக்கார்டர். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஊர்க்காரர் ஒருவர் மூலம் வரவழைத்து, முழுசாக வாசித்துக் கேசட்டில் அனுப்பிய மகராசன் அவரேதான்.

"ஆடு மலை ஏறியது" என்றது பெட்டி. அவள் சொல்வதற்குக் கொஞ்சம் இடைவெளி.

"ஆடு மலை ஏறியது."

"சபாஷ், என் தங்கம்!" என்றது பெட்டி.

ரசீதா வெட்கப்பட்டாள்.

குரல் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் இருப்பவனுக்குத் தொப்பை கிடையாது, வழுக்கை கிடையாது. தன்னைப் பார்த்துத் தானே வயிறெரிந்த முதல் ஆள் இந்த ஜில்லாவில் நாமாகத்தான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

"பழகிருவா" என்றாள் மனைவி கதீஜம்மாள் அடுக்களையிலிருந்து. "அந்தப் பெட்டிக்கே ரெண்டு மாசம் ஆச்சுல்லா!"

அவருக்கு லீவே நாற்பத்தைந்து நாள்.

மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை இன்னும் இந்த ஆட்டையும் மலையையும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

பாடம் முடிந்தது. பெட்டியை அணைக்கக் கை நீட்டினார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. தம்மாம் அறையின் மின்விசிறிச் சத்தம். யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அன்றைக்கு வாசித்து முடித்தவர் பட்டனை அமுக்க மறந்திருக்கிறார்.

அப்புறம், கம்பீரமெல்லாம் வடிந்துபோன ஒரு குரல், சுவரிடம் கேட்பதுபோலக் கேட்டது.

"ரசீதா... வாப்பா பேசுதது கேக்குதா மக்கா?"

அப்படி ஒன்று கேட்டதே அவருக்கு ஞாபகமில்லை. பதில் வரும் என்று நினைத்துக் கேட்டதும் இல்லை.

ரசீதா பெட்டியோடு கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, தினமும் சொல்லிப் பழகியவள்போல், அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"கேக்கு வாப்பா."

பிறகுதான் அவளே பட்டனை அமுக்கினாள்.